மலாஸான் உலகின் புதிய நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீவன் எரிக்சனும் இயன் சி. எஸ்ஸில்மாண்ட்டும் சேர்ந்து படைத்த மலாஸான் என்னும் மிகுபுனைவு (ஃபேன்டசி) உலகில், 'விட்னஸ்' என்னும் தொடரின் முதல் நாவல் 'தி காட் இஸ் நாட் வில்லிங்' 2021-இல் வெளிவந்தது. 'விட்னஸ்' என்றால் சாட்சி. நாவலின் தலைப்பைக் 'கடவுளுக்கு விருப்பமில்லை' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இந்த நாவலைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் அதே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். புதிய நாவலின் பிற்பாதியில் நடப்பவை எவையும் இங்கே வெளிப்படுத்தப்படவில்லை. பழைய நூல்களிலிருந்து, பேச்சுக்கு இன்றியமையாத அளவுக்கு மட்டுமே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

பகிர்ந்த உலகம் என்கிறார்களே, இருவரும் சேர்ந்து ஒரே நாவலை எழுதுகிறார்களா?

இல்லை. உலகம் ஒன்று, நாவல்கள் தனித்தனி. எரிக்சனும் எஸ்ஸில்மாண்ட்டும் கனடாவைச் சேர்ந்த தொல்லியலாளர்கள். 1980-களில் அகழாய்வுப் பணியின்போது அறிமுகமான இவர்கள், ஓய்வு நேரத்தில் ஆடிய பாத்திரமேற்று நடிக்கும் விளையாட்டுகளுக்காக இந்த உலகத்தை உருவாக்கினார்கள். பேரரசர், கொலையாளி, தளபதி, கூலிப்படைத் தலைவன் என ஒவ்வொரு பாத்திரமும் முதலில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பட்ட பிறகுதான் தாளுக்கு வந்தது. முதல் நாவலான 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதையாகத்தான் இருந்தது. அது படமாகவில்லை, எரிக்சன் அதை நாவலாக்கினார், 1999-இல் வெளியானது. அந்த நூலின் சமர்ப்பணம் எஸ்ஸில்மாண்ட்டுக்கு. வெல்வதற்கும் பகிர்வதற்கும் உலகங்கள் உண்டு என்ற பொருளில் அமைந்த அந்த இரண்டு சிறு தொடர்களை, இந்த உலகத்தைப் பற்றிய விவாதம் சூடேறும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

டிராகன்லான்ஸ் போன்ற உலகங்களும் பகிர்ந்தவையே. ஆனால் அவை ஒரு விளையாட்டு நிறுவனத்தின் உடைமை; பல எழுத்தாளர்கள் ஒப்பந்தத்தின் பேரில் வந்து எழுதிச் செல்வார்கள். மலாஸான் உலகம் அப்படிப்பட்டதன்று. இரண்டு நண்பர்கள் சமபங்காக உழுது பயிரிடும் நிலம் அது.

யார் எதை எழுதியிருக்கிறார்கள்?

எரிக்சன் 1999 முதல் 2011 வரை பத்து நாவல்கள் கொண்ட முதன்மை வரிசையை எழுதி முடித்தார். அது முப்பது லட்சம் சொற்களைத் தாண்டும். எஸ்ஸில்மாண்ட் அதே காலத்தை வேறு கண்டங்களிலிருந்து பார்க்கும் ஆறு நாவல்களை எழுதினார். 'நைட் ஆஃப் நைவ்ஸ்' அவற்றில் முதலாவது, 2014-இல் வந்த 'அஸ்ஸெயில்' கடைசி. பிறகு இருவருமே பின்னோக்கிப் போனார்கள். எரிக்சன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கார்கனாஸ் நகரத்தின் கதையில் இரண்டு பாகங்களை வெளியிட்டார். எஸ்ஸில்மாண்ட் பேரரசு உருவான கதையை 2016 முதல் எழுதி வருகிறார், அதன் நான்காம் நூலான 'ஃபோர்ஜ் ஆஃப் தி ஹை மேஜ்' 2023-இல் வந்தது. கார்கனாஸின் மூன்றாம் பாகத்தை ஒத்திவைத்துவிட்டு எரிக்சன் கையில் எடுத்ததுதான் நாம் பேசும் புதிய தொடர். அதன் இரண்டாம் நாவல் 'நோ லைஃப் ஃபர்சேகன்' 2025-இல் வந்தது. கதை அதில் ஏழு நகரங்கள் என்னும் கண்டத்துக்கு நகர்கிறது.

புதிய நாவலின் கதைக்களம் எது?

முதன்மை வரிசை முடிந்து ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தபின், ஜெனபாக்கிஸ் கண்டத்தின் வடகோடியில் சில்வர் லேக் என்ற ஏரிக்கரைச் சிற்றூரில் கதை தொடங்குகிறது. அந்த ஊரை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2002-இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் செயின்ஸ்' நாவலில், மலையில் வாழும் டெப்லார் இனத்தைச் சேர்ந்த கார்ஸா ஓர்லாங் என்னும் மாவீரன் இரண்டு தோழர்களோடு இறங்கி வந்து சூறையாடிய ஊர் அது. தாக்குதல் முடிந்தது, கார்ஸா பெரும்புகழை நோக்கிப் போய்விட்டான், வாசகர்களாகிய நாமும் அவன் பின்னாலேயே போய்விட்டோம். ஊர் மட்டும் அங்கேயே இருந்தது.

இப்போது அங்கே மலாஸான் பேரரசின் காவல்படை இருக்கிறது. இழப்புகளால் மெலிந்துபோன கடற்படை வீரர்களின் ஒரு பிரிவு வந்து சேர்கிறது. வடக்கே எலாட் தாரோஸ் என்ற தலைவன் டெப்லார் குலங்களை ஒன்றுதிரட்டிக்கொண்டு தெற்கே வருகிறான். ஊருக்குள் ரான்ட் என்றொரு பையன் இருக்கிறான். அன்றைய தாக்குதலில் கார்ஸா செய்த வன்கொடுமையால் பிறந்தவன். பாதி டெப்லார், பாதி மனிதன். இரண்டு பக்கத்திலும் இடமில்லாதவன்.

பழைய பத்து நாவல்களையும் படிக்காமல் இதைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். நாவல் ஏறத்தாழ 500 பக்கங்கள்தான். பழைய தொகுதிகளோடு ஒப்பிட்டால் சிறியது, கதையோட்டமும் நேரானது. புதியவரும் நிகழ்ச்சிகளைப் பின்தொடர முடியும். ஆனால் நிகழ்ச்சிகளைப் பின்தொடர்வது வேறு, அவற்றின் கனத்தை உணர்வது வேறு. ரான்ட் தன் தந்தையைப் பற்றி ஊரார் சொல்வதைக் கேட்கும் இடங்களில், அந்தத் தந்தையோடு நூற்றுக்கணக்கான பக்கங்கள் நடந்து வந்த வாசகருக்கு ஏற்படும் கூச்சம் புதியவருக்கு ஏற்படாது. அந்தக் கூச்சத்தை உண்டாக்குவதற்காகவே இந்த நாவல் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

பத்தையும் படிக்க இயலாதவருக்கு ஒரு நடுவழியைப் பரிந்துரைக்கிறேன். 'ஹவுஸ் ஆஃப் செயின்ஸ்' நாவலின் முதற்பகுதி முழுவதும் கார்ஸா ஒருவனைப் பற்றியது. பல கதைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் எரிக்சனின் வழக்கத்துக்கு அது விலக்கு. அதை மட்டும் தனிக் குறுநாவல்போல் படித்துவிட்டுப் புதிய நூலுக்கு வரலாம்.

கார்ஸா ஓர்லாங் இதில் வருகிறானா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடை பலருக்கு ஏமாற்றமளித்ததும் உண்மை. கார்ஸாவைப் பற்றிய முத்தொகுதி என்று பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள் முதல் நூலில் அவனைத் தேடித் தேடிப் பக்கங்களைப் புரட்டினார்கள். அவன் வரவில்லை. எங்கோ தொலைவில், தன்னைக் கடவுளாக வணங்குபவர்களின் வேண்டுதலுக்குச் செவிகொடுக்காமல் இருக்கிறான். தலைப்பு சொல்வதும் அதைத்தான்.

அவன் இல்லாததைக் குறையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பழைய நாவல்களில் ஒவ்வொரு வீரச்செயலுக்கும் முன்பாக உலகத்தைப் பார்த்து 'சாட்சியாக இரு' என்று முழங்குவது அவன் வழக்கம். வாசகர்கள் அந்த ஒரு சொல்லை வெற்றி முழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் சாட்சி என்பவர் வீரன் காட்ட விரும்பியதை மட்டும் பார்ப்பவர் அல்லர். சில்வர் லேக்கில் ஒரு பெண் பார்த்தாள். அவள் வயிற்றில் பிறந்தவன் அந்தச் சாட்சியத்தைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு அதே தெருவில் வளர்ந்தான். கார்ஸா நேரில் வந்து நின்றிருந்தால் நம் கண்கள் மறுபடியும் அவன்மீதே போயிருக்கும். ரான்டைப் பார்த்திருக்க மாட்டோம்.

இருவர் எழுதும்போது முரண்பாடுகள் வருகின்றனவே, எதை உண்மை என்று கொள்வது?

முரண்பாடுகள் இருக்கின்றன, அவற்றை மூடி மறைக்கத் தேவையில்லை. எரிக்சனின் சொந்த நூல்களுக்குள்ளேயே இருக்கின்றன. முதல் நாவலில் உள்ள சில செய்திகள் பின்னர் வந்தவற்றோடு பொருந்தாமல் போவதற்கு ரசிகர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். 2008-இல் வந்த 'டோல் தி ஹவுண்ட்ஸ்' நாவலில் ஒரு சிறுவனின் வயது காலக்கணக்குக்கு ஒத்துவராது என்பது பழைய வாசகர்கள் எல்லாரும் அறிந்தது.

வாசகர்கள் இதை அணுகும் முறைகளில் ஒன்று, யார் எழுதியது மூலம் என்று தீர்ப்பளிக்க முனைவது. எரிக்சன் எழுதியதே மெய், எஸ்ஸில்மாண்ட் எழுதியது துணைநூல் என்பார்கள். இந்த உலகம் பிறந்த விதத்துக்கே அது பொருந்தாத வாதம். மலாஸ் தீவு நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' அங்கேதான் தொடங்குகிறது. பேரரசர் கெல்லன்வெட்டின் ஆட்சியில் அது கடைசி ஆண்டு. நகரத்தின் ஏழைப் பகுதியிலிருந்து புகை எழுகிறது, கோட்டைச் சுவரின்மேல் நின்று ஒரு சிறுவன் அதைப் பார்க்கிறான், ஏதோ பெரிய மாற்றம் வரப்போகிறது என்ற அச்சத்தோடு அந்தப் பகுதி முடிகிறது. அடுத்த அத்தியாயம் ஏழு ஆண்டுகள் தள்ளித் திறக்கும்போது பேரரசர் இல்லை, பேரரசி ஆள்கிறார். இடையில் நடந்தது என்ன என்பதை எரிக்சன் காட்டவே இல்லை. அந்த ஒற்றை இரவை முழு நாவலாக எழுதியவர் எஸ்ஸில்மாண்ட். 'நைட் ஆஃப் நைவ்ஸ்' அதே தீவில், அதே தெருக்களில், ஓய்வுபெற்று ஒளிந்து வாழும் ஒரு படைவீரனும் ஊரைவிட்டு வெளியேறத் துடிக்கும் ஓர் இளம்பெண்ணும் கண்ட இரவு. நண்பருக்காக விடப்பட்ட இடைவெளியை நண்பரே வந்து நிரப்பினார். இதில் எது மூலம், எது துணை?

இன்னொரு சான்று புதிய நாவலிலேயே இருக்கிறது. கடற்படைப் பிரிவில் ஸ்பிண்டில் என்றொரு முதிய சார்ஜென்ட் வருகிறார். எரிக்சனின் 'மெமரீஸ் ஆஃப் ஐஸ்' நாவலில், இறந்துபோன தாயின் கூந்தலால் ஆன சட்டையை அணிந்தவராக அவரைச் சந்தித்தோம். அவர் மந்திரத்தைத் திறந்தால் சுற்றியுள்ள விலங்குகள் மிரண்டோடும். பிறகு அவர் எஸ்ஸில்மாண்ட்டின் 'ஆர்ப் செப்டர் த்ரோன்' நாவலில், டாருஜிஸ்தான் நகரத்து மதுக்கடை ஒன்றில் பழைய தோழர்களோடு காலம் கழித்தார். இப்போது எரிக்சனிடம் திரும்பி வந்திருக்கிறார், ஒரு காலத்தில் பிரிட்ஜ்பர்னர்ஸ் படையில் இருந்தவர் என்ற பாரத்தோடு. இரண்டு வீடுகளில் வளர்ந்த மனிதர் அவர். ஒரு வீட்டுக் கதையை மட்டும் அறிந்தவருக்கு அவர் முகத்தில் உள்ள களைப்பின் பாதிதான் தெரியும்.

முரண்பாடுகளை நான் வாசிக்கும் முறை, அகழாய்வுக் குழியில் ஒரே அடுக்கில் கிடைக்கும் இரண்டு ஓடுகளைப் பார்ப்பது போன்றது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் ஒன்றைத் தூக்கி எறிவதில்லை. இரண்டுக்கும் எண்ணிட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். அதையே தொழிலாகக் கற்ற இருவர் படைத்த உலகத்துக்கு இதுவே ஏற்ற வாசிப்பு என்று நம்புகிறேன்.

எஸ்ஸில்மாண்ட்டின் எழுத்து எரிக்சனுடையதைவிடத் தரம் குறைந்தது என்கிறார்களே?

நடை வேறு. எரிக்சன் பாத்திரங்களை நிறுத்தி வைத்துச் சிந்திக்க விடுவார்; எஸ்ஸில்மாண்ட் அவர்களை நடக்க விடுவார். 'நைட் ஆஃப் நைவ்ஸ்' கைபழகாத முதல் முயற்சியின் அடையாளங்களோடு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் பேரரசு உருவான கதையின் முதல் நூலான 'டான்சர்ஸ் லமென்ட்' 2016-இல் வந்தபோது அவர் தன் குரலைக் கண்டடைந்துவிட்டார். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தமானது.

எந்த வரிசையில் படிப்பது நல்லது?

வெளிவந்த வரிசையில். முதலில் எரிக்சனின் பத்தையும் முடித்துவிட்டு எஸ்ஸில்மாண்ட்டுக்கு வருபவர்களும் இருக்கிறார்கள், அதிலும் தவறில்லை. உலகத்தின் காலவரிசைப்படி, அதாவது கார்கனாஸ் கதையிலிருந்து தொடங்குவதை மட்டும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதை, முடிவை ஏற்கெனவே அறிந்தவர்களுக்குச் சொல்லப்படுவது.

தொடக்கத்தில் ஒன்றுமே புரியவில்லை. என்மேல் தவறா?

இல்லை. எழுதியவரே அப்படித்தான் விரும்பினார். 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' நாவலின் முதற்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். மலாஸ் கோட்டையின் உச்சியில், இறக்கை விரித்த பேயின் வடிவில் அடித்துச் செய்த ஓர் இரும்புக் காற்றுத்திசைகாட்டி, துரு படிந்து, ஒவ்வொரு காற்றுக்கும் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் அருகே கனோஸ் பாரன் என்ற 12 வயதுச் சிறுவன் நிற்கிறான். தானும் ஒருநாள் படைவீரனாவேன் என்கிறான். பக்கத்தில் நிற்கும் முதிய படைத்தலைவர், மற்ற எல்லாவற்றிலும் தோற்றால் மட்டுமே அப்படி ஆவாய் என்ற பொருள்பட விடை சொல்கிறார். அந்தப் படைத்தலைவர் யார், கீழே எரிவது ஏன், அங்கே வந்து பேசிச் செல்லும் பெண் யார் என்பன எவையும் விளக்கப்படுவதில்லை. சிறுவனுக்கு என்ன தெரியுமோ அவ்வளவே நமக்கும்.

பாரதத்தை நாம் முதலில் கேட்டது பெரும்பாலும் ஏதோ ஒரு கிளைக்கதையின் நடுவிலிருந்துதான். கர்ணன் யார் மகன் என்று தெரிவதற்கு முன்பே அவனுக்காக வருந்தியவர்கள் நம்மில் பலர். அந்தப் பொறுமையோடு வாருங்கள். நானும் முதல்முறை இரண்டாம் அத்தியாயத்தில், பேல் நகர முற்றுகையின் பிணக்குவியலுக்கு நடுவே நூலை மூடி வைத்தேன். ஓராண்டு கழித்து மறுபடி எடுத்தபோது கனோஸ் பாரனின் பெயரை மட்டும் பற்றிக்கொண்டு படித்தேன், அது போதுமானதாக இருந்தது. முன்பக்கத்தில் உள்ள பாத்திரங்களின் பட்டியலைத் தயங்காமல் புரட்டுங்கள். ஆனால் இணையத்தில் பெயர்களைத் தேட வேண்டாம். தேடிய முதல் வரியிலேயே அந்தப் பாத்திரம் எப்போது இறக்கிறது என்பது வந்துவிடும்.

வாரன், அசென்டன்ட், கன்வெர்ஜென்ஸ் என்பன யாவை?

வாரன் என்பது மந்திரம் ஊறும் இடம். அதுவே தனி உலகமாகவும் வழியாகவும் இருக்கும். மனித நிலையைக் கடந்து ஆற்றல் பெற்றவர் அசென்டன்ட்; அவரை மக்கள் வணங்கத் தொடங்கினால், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கடவுளாகிறார். ஆற்றல் ஆற்றலை ஈர்க்கும் என்ற விதிப்படி பெரியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து மோதும் முடிவுப் பகுதியைக் கன்வெர்ஜென்ஸ் என்கிறோம்.

புதிய நாவலில் வரும் பனியும் வெள்ளமும் இன்றைய பருவநிலை மாற்றத்தைக் குறிப்பவையா?

குறிப்பவை என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் உருவகமாக மட்டும் வாசித்தால் நாவல் சுருங்கிவிடும். வடக்கே பெரும்பனி உருகுகிறது, அது தேக்கி வைத்திருக்கும் நீர் எந்நேரமும் உடைத்துக்கொண்டு வரலாம். டெப்லார் மக்கள் தெற்கே இறங்குவது படையெடுப்பாகத் தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால் வருவது என்ன என்பது தெரியும்போது அதே நடை, உயிர் தப்பி ஓடுவோரின் நடையாக மாறுகிறது. கோட்டையில் நிற்கும் வீரர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அப்போது மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தை எரிக்சன் எந்த உரையும் ஆற்றாமல் நிகழ்த்தியிருப்பது இந்த நூலின் பெரும்பேறு.

வன்முறை எந்த அளவுக்கு இருக்கிறது?

கடுமையாக இருக்கிறது. பாலியல் வன்கொடுமையும் சிறாருக்கு நேரும் கொடுமையும் கதையின் வேரிலேயே இருக்கின்றன. இவை தம்மைப் பாதிக்கும் என்று அறிந்தவர்கள் ரான்டின் தொடக்கப் பகுதிகளை முன்னெச்சரிக்கையோடு அணுக வேண்டும். நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது இதைச் சொல்லாமல் விடாதீர்கள். அதோடு, நாவலில் சிரிப்பும் நிறைய உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபோலிபோர், பிளாங்கெட் என்ற இரண்டு பருத்த உடல் வீரர்கள், ஆபத்தின் நடுவே அறிஞர்களைப்போல் தர்க்கம் புரிவார்கள். ஸ்டில்வாட்டர் என்ற வீராங்கனை, கொலைத்தொழிலும் மந்திரமும் சேர்ந்த திறமையை உலகிலேயே தான்தான் கண்டுபிடித்ததாக உறுதியாக நம்புகிறாள். பழைய நூல்களைப் படித்தவர்களுக்கு இது ஏன் சிரிப்பூட்டுகிறது என்பது தெரியும்.

புதிய வாசகரோடு எப்படிப் பேசுவது?

அவர் எந்த நூலில், எந்த அத்தியாயத்தில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். 'அவர் இறந்துவிடுவார்' என்பது மட்டும் ஸ்பாய்லர் அன்று; 'பொறுத்திருந்து பாருங்கள்' என்று புன்னகைத்துச் சொல்வதும் பல நேரங்களில் ஸ்பாய்லர்தான். அவர் ஒரு பாத்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்த வேண்டாம். அந்தத் தவறான புரிதல் பெரும்பாலும் எழுத்தாளர் திட்டமிட்டு உண்டாக்கியது. அது உடையும் கணம் அந்த வாசகருக்கு உரியது.

நாவலை முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

இரண்டாம் பாகத்துக்குப் போகும் முன், 'ஹவுஸ் ஆஃப் செயின்ஸ்' நாவலின் முதற்பகுதிக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். கார்ஸா தன் பாட்டன் பால்க் சொன்ன வீரக்கதைகளில் மயங்கி மலையை விட்டு இறங்குகிறான். கீழே வாழும் மனிதர்களை அவன் இனத்தார் 'குழந்தைகள்' என்றே அழைக்கிறார்கள். முதல் வாசிப்பில் அந்தச் சொல் இகழ்ச்சியாக மட்டுமே என் காதில் விழுந்தது. ரான்டை அறிந்தபிறகு, சில்வர் லேக்கின் வீடுகளுக்குள் கார்ஸா நுழையும் அந்தப் பக்கங்களில் அந்தச் சொல் வரும் இடங்களை நின்று படியுங்கள்.